யாக்கும் இக்லூவும் எங்கள் ஊரில் இல்லை

ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைக்கு நாம் முதலில் வாங்கித் தருவது ஒரு சுவர் சார்ட். ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால் என்று போய், ஐ வந்தால் இக்லூ, எக்ஸ் வந்தால் சைலஃபோன், ஒய் வந்தால் யாக், கடைசியில் ஜீப்ரா. எழுத்துக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காகச் செய்த சார்ட் அது, அந்த அளவில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதுதான் ஆங்கிலச் சொல்வளத்தின் தொடக்கமாகவும் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு பழங்களின் பெயர், விலங்குகளின் பெயர், நிறங்களின் பெயர், வாகனங்களின் பெயர் என்று பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போகிறோம். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஸ்ட்ராபெர்ரி தெரிகிறது, கங்காரு தெரிகிறது. "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் நத்தம் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். 2021 கடைசியில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்த பிறகு அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, சாயங்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே திண்ணையில் உட்காருவார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் கொஞ்ச நேரம் நின்று கேட்பார்கள், சிலர் உட்கார்ந்தே விடுவார்கள். இந்தத் திண்ணையில் நான் பார்த்ததை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அடிப்படை ஆங்கிலச் சொற்களைப் பிள்ளையின் வீட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். சார்ட்டிலிருந்து எடுத்தால் அவை சார்ட்டிலேயே தங்கிவிடும்.

எங்கள் ஊரில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பேச்சில் இருப்பதைவிட அட்டைகளிலும் பாட்டில்களிலும்தான் அதிகம் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு சாஷே, உர மூட்டை, சார்ஜர், போன் திரை. அதனால் வீட்டில் காலியாகும் கவர், பாக்கெட், டப்பா எதுவானாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தங்கைக்கு வாங்கிய இருமல் மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தான். அதன் லேபிளில் எழுத்துக்கூட்டி "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று வாசித்துவிட்டு, "அக்கா, மருந்து பாட்டில்ல எதுக்குக் கிணறு?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. டபிள்யூ வரிசையில் வெல் என்றால் கிணறு என்று படத்தோடு படித்திருக்கிறான், வேறு எதுவும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, அடியில் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டேன். லேசாக ஆட்டினேன், தூள் அடியிலேயே கிடந்தது. "திஸ் இஸ் ஷேக்" என்றேன். அப்புறம் நன்றாகக் குலுக்கினேன், தண்ணீர் முழுக்க மஞ்சளானது. "ஷேக் வெல்." ஒரு சிறுமி உடனே, "குலுக்காமக் குடிச்சா என்னாகும்க்கா?" என்று கேட்டாள். கலங்கலாக இருக்கும் சில மருந்துகளில் மருந்துப்பொடி அடியில் தங்கிவிடும், முதல் நாள் குடிக்கும்போது மருந்து குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் போகும், அதற்காகத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அன்றைக்கு வகுப்பு அந்த ஒரு வரியோடு முடிந்தது. அதற்குப் பிறகு சமைக்கும்போது "ஸ்டிர் வெல்", கை கழுவும்போது "வாஷ் வெல்", தூங்கப் போகும்போது "ஸ்லீப் வெல்" என்று அந்தச் சொல் அவர்கள் வாயிலேயே குடியேறியது. கிணறு என்ற அர்த்தமும் அவர்களுக்கு வேண்டும்தான், எங்கள் ஊரில் கிணறு இருக்கிறது. ஆனால் வாசிக்கும் ஆங்கிலத்தில் அவர்கள் அடிக்கடி சந்திக்கப்போவது இந்த இன்னொரு வெல்லை.

எந்தச் சொல் அடிக்கடி வரும், எது வராது என்பதை நம் இஷ்டத்துக்கு ஊகிக்க வேண்டியதில்லை. நூறு வருஷமாக இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வெள்ளைக்காரர் காலத்தில் வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சியில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம் போன்ற பிள்ளைகள் எவ்வளவு கம்மியான சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு வாசிக்க முடியும் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த வழியில் 1953ல் அவர் தொகுத்து வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்கள், அதாவது கோ, கோஸ், வென்ட் எல்லாம் ஒரே சொல்லாக எண்ணி. சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் 80 சதவீதம் போல அந்த 2000க்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஒரு சொல்லுக்கு நாலைந்து அர்த்தம் இருந்தால், எந்த அர்த்தம் எத்தனை சதவீதம் வருகிறது என்பதையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் பையன் கேட்ட கிணற்றுக் கேள்விக்கு இந்த மாதிரிக் கணக்குதான் பதில்.

அதே மாதிரி 1936ல் எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் சின்னப் பிள்ளைகளின் வாசிப்புக்காக 220 சொற்களைத் தொகுத்தார். அதில் ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. பெயர்ச்சொற்கள் 95ஐத் தனியாக வைத்தார். த, அண்ட், இஸ், வாஸ், செட் (சொன்னான்), கம், வித், அண்டர், ஹூ, ஒய் என்று எல்லாம் படம் போட முடியாத சொற்கள். குழந்தைகளுக்கான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்து எண்ணிப் பாருங்கள், பக்கத்தில் பாதிக்கு மேல் இந்தச் சொற்கள்தான் இருக்கும். படம் போட முடியாது என்பதாலேயே சார்ட்காரர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்கள். நாமும் விட்டுவிடுகிறோம். பிள்ளை பக்கத்தைத் திறந்ததும் எலிஃபெண்ட் தெரிகிறது, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆறு சொற்கள் தெரியவில்லை, ஆங்கிலம் கஷ்டம் என்று மூடி வைத்துவிடுகிறது. அதிலும் செட், வாஸ், ஒன் போன்றவை எழுத்துக்கூட்டினால் வராது. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், அதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பெயர்ச்சொற்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் பாதி நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வாயில் வருவதைச் சொல்லுங்கள் என்று ஒரு நாள் கேட்டேன். பிரஷ், பேஸ்ட், பக்கெட், மக்கு, சோப்பு, டவல், டிரஸ், பட்டன், பெல்ட், பேக், டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், சைக்கிள், பஸ், டிக்கெட், கேட், பெல், பெஞ்ச், போர்டு என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. இவற்றின் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தில் எப்படி இருக்கும் என்று காட்டினால் போதும், "அட, இதுதானா" என்று பிடித்துக்கொள்கிறார்கள். சோப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓவும் ஏவும் சேர்ந்து வருவதைப் பார்த்த ஒரு சிறுமி மறுநாள் போட், ரோட், கோட் மூன்றையும் தானே வாசித்துவிட்டாள். முழுக்கப் புதிதான ஒன்றில் எழுத்து, ஒலி, அர்த்தம் மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கச் சொல்வதைவிட, இரண்டு கையில் இருக்க மூன்றாவதை மட்டும் சேர்ப்பது எவ்வளவோ லேசு. சில சொற்கள் மட்டும் ஊர் மாறும்போது அர்த்தம் மாறும், நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம் என்பது போல. அதை வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மனப்பாடம் பற்றிச் சொல்லியாக வேண்டும். "சி ஏ டி கேட், கேட்னா பூனை, ஆர் ஏ டி ரேட், ரேட்னா எலி" என்று ராகம் போட்டுச் சொல்வதை நம்மில் பலர் கேட்டு வளர்ந்தவர்கள். ராகம் நல்லதுதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் அந்த ராகம் ஒரே பக்கம்தான் ஓடும். ஆங்கிலத்தைச் சொன்னால் தமிழ் வரும். வாசலில் பூனை போகும்போது "இங்கிலீஷ்ல சொல்லு" என்றால் முதலிலிருந்து பாடி அந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். பேசுவதற்கு வேண்டியது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதை. ஆகவே கேள்வியை எப்போதும் திருப்பியும் கேட்க வேண்டும். பாடாமல், வரிசை கலைத்து, வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது.

ஒரே மாதிரியான சொற்களை ஒரே நாளில் சேர்த்துச் சொல்லித்தரும் வழக்கத்தையும் நான் விட்டுவிடச் சொல்வேன். இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் புத்தகங்கள் எல்லாம் தலைப்பு தலைப்பாகத்தான் இருக்கின்றன. லெஃப்ட், ரைட் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்த பிள்ளையிடம் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். இரண்டில் ஒன்று இடது என்று தெரியும், எது என்று தெரியாது. டியூஸ்டே, தர்ஸ்டே இரண்டும் எங்கள் திண்ணையில் தீராத வழக்கு. 1993ல் டிங்கம் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். இல்லாத சொற்களை உருவாக்கி, ஒரே வகைச் சொற்களை ஒன்றாகவும் சம்பந்தமில்லாத சொற்களை ஒன்றாகவும் படிக்கவைத்துப் பார்த்ததில், ஒரே வகையில் சேர்ந்தவைதான் மனதில் ஏற அதிக நேரம் பிடித்தன. 1997ல் வேரிங் என்ற இன்னொரு ஆய்வாளர் அதையே ஜப்பானியர்களிடம் செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார். புதிதாக வரும்போது ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, அவ்வளவுதான் விஷயம். லெஃப்டை முதலில் நன்றாக ஊறவிட்டு, இரண்டு வாரம் கழித்து ரைட்டைச் சொன்னால் இந்தச் சண்டை வருவதில்லை. ஹாட், கோல்டும் அப்படித்தான். நிறங்களில் ரெட் மட்டும் ஒரு வாரம், அதுவும் மிளகாய் வற்றல், தீப்பெட்டி, பஸ்ஸின் பின்விளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி.

மறப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஜெர்மனிக்காரர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார், படித்தவுடன் மறதி வேகமாக இருக்கும், மறந்துபோகும் நேரத்தில் மறுபடி பார்த்தால் அடுத்த தடவை மெதுவாகத்தான் மறக்கும் என்று. 1972ல் லைட்னர் என்பவர் அதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். நாங்கள் அதைச் செருப்பு டப்பாவில் செய்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் படமோ தமிழோ. டப்பாவுக்குள் மூன்று தடுப்பு. முதல் தடுப்பு தினமும், இரண்டாவது வாரம் ஒரு முறை, மூன்றாவது மாதம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பாகச் சொன்னால் திரும்ப முதலுக்கு. தன் சீட்டு மூன்றாவது தடுப்பில் சேர்வதைப் பார்க்க அவர்களுக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு எந்த ஸ்டாரும் ஈடாகாது. தினமும் ஐந்து புதுச் சீட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை, அடம்பிடித்தாலும்.

சின்னச் சொற்களை எப்படிச் சொல்லித்தருவது? செய்யவைத்துத்தான். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யவைத்தே மொழியைத் தொடங்கலாம் என்று காட்டினார். எங்கள் விளையாட்டு அதிலிருந்து வந்ததுதான். "புட் த சாக் ஆன் த புக்." "புட் த சாக் இன் த டம்ளர்." "புட் த சாக் அண்டர் த மேட்." தமிழில் "பஸ்ல", "டம்ளர்ல", "திங்கக்கிழமைல", "காலைல" என்று ஒரே ஓர் ஒட்டை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் டம்ளருக்கு இன், திங்கட்கிழமைக்கு ஆன், காலைக்கு மறுபடி இன், அஞ்சு மணிக்கு அட். விதியாகச் சொன்னால் ஓடிப்போவார்கள். சாக்பீஸைத் தேடிக் கண்டுபிடிப்பதாகச் சொன்னால் இருட்டின பிறகும் போகமாட்டார்கள். ஒரு வாரம் நான் சொல்வேன், அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் சொல்வார்கள். மூன்றாவது வாரத்தில் "அக்கா, யூ புட்" என்று எனக்கே கட்டளை வரும்.

வினைச்சொற்கள்தான் உண்மையில் கடினமான இடம், நேரம் இருந்தால் எல்லாவற்றையும் அங்கேதான் செலவழிப்பேன். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930ல் 850 சொற்களில் அடிப்படை ஆங்கிலம் என்று ஒன்றை உருவாக்கியபோது அதில் வினைச்சொற்களாக வைத்தது வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் மாதிரியானவை. அந்தக் குட்டி மொழியே போதும் என்று நான் சொல்லவில்லை, இயல்பான ஆங்கிலம் அப்படி இருக்காது. ஆனால் இந்தச் சில சொற்கள் எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்பது அதில் தெரிகிறது. நமக்கு இது புதிதும் இல்லை. தமிழில் போடு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சோறு போடுகிறோம், சண்டை போடுகிறோம், மாத்திரை போடுகிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டில் இருக்கின்றன. போடு என்றால் புட் என்று மட்டும் படித்த பிள்ளை "புட் த லைட்" என்றும் "புட் டேப்லட்" என்றும் சொல்லாமல் வேறு என்ன சொல்லும்? அதே நேரம் டேக் என்று ஒன்று அங்கே மாத்திரைக்கும், போட்டோவுக்கும், பஸ்ஸுக்கும், குளியலுக்கும், லீவுக்கும் வருகிறது. ஆகவே வினைச்சொல்லைத் தனியாக எழுதிப் பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதுவதை நான் செய்வதில்லை. "டேக் எ டேப்லட்", "டேக் எ பாத்", "டேக் த பஸ்" என்று ஜோடியாகவே சீட்டில் எழுதுகிறோம். பிரித்தால் அர்த்தம் கலங்கிவிடும்.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா பேரனைக் கூட்டிப்போக வந்து உட்கார ஆரம்பித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் பிரஷர், சுகர், ஸ்கேன், டோக்கன், ரிசல்ட், ஃபாஸ்டிங், சிக்னல், ரீசார்ஜ் எல்லாம் சரளமாகச் சொல்வார். ஒரு நாள் முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு மாத்திரை அட்டையை எடுத்து, "இதுல எது சுகருக்கு, எது பிரஷருக்குன்னு எனக்கே தெரியணும் பாப்பா, ஒவ்வொரு தடவையும் ஆளத் தேடிட்டு இருக்க முடியல" என்றார். ஒன்று மெட்ஃபார்மின், இன்னொன்று அம்லோடிபின். அவருக்கு வேண்டிய முதல் இரண்டு எழுத்து எம்மும் ஏவும். ஏபிசிடி வரிசையில் போயிருந்தால் எம் வருவதற்குள் அவருக்குச் சலித்துப்போயிருக்கும். எம் என்றால் சுகர், ஏ என்றால் பிரஷர் என்று அன்றைக்கே முடிந்தது. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் மேலே பெரிதாக இருக்கும் பெயர் மாறும், அப்போது கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அடுத்து இ எக்ஸ் பி. அதைக் காட்டியதும் "எக்ஸ்பைரி" என்று அவரே சொல்லிவிட்டார், சொல் முன்பே தெரிந்ததுதான். அதற்குப் பக்கத்தில் மாதப் பெயர் மூன்று எழுத்தில் சுருக்கமாக இருந்தது. பன்னிரண்டு மாதத்தின் முதல் மூன்று எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, எதிரில் தமிழ் மாதங்களை எழுதிக் கொடுத்தேன், ஏனென்றால் பெரியம்மாவின் காலண்டர் ஆடி ஆவணியில்தான் ஓடுகிறது. ஏ யு ஜி என்ற இடத்தில் விரலை வைத்து, "இது ஆடியா ஆவணியா?" என்றார். முதல் பாதி ஆடி, மறுபாதி ஆவணி, அட்டையில் ஆகஸ்ட் என்று போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரைக்கும் சாப்பிடலாம், ஆகவே ஆவணி பாதி வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது அந்தத் தேதி இருக்கும் ஓரம் கடையிலேயே நின்றுவிடும் என்பதும் அப்போதுதான் பேச்சில் வந்தது. இப்போது மருந்துக்கடையில் பத்து மாத்திரை கேட்டால், கத்தரி வைப்பதற்கு முன்னால் முழு அட்டையையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறாராம். போன வாரம் வந்து, பேரன் சீட்டில் இருக்கும் "டேக் எ டேப்லட்" தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார், கூடவே "ஆஃப்டர் ஃபுட்" என்பதையும் சேர்த்து.